செல்வநாயகி எடுத்த பச்சைக் குளவிப் படம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு செல்வநாயகி தன் புருஷனுடைய கேமரா செல்போனை நீட்டி, "அக்கா, இது என்னா பூச்சின்னு உங்க கம்ப்யூட்டர்ல கேட்டுச் சொல்லுங்க" என்றாள். அங்கே ஆரம்பித்தது.

பூச்சிப் படங்களை மின்னஞ்சலில் அனுப்பிப் பெயர் கண்டுபிடிக்கிற குழு ஒன்றில் நான் இருக்கிறேன். 2008ஆம் வருஷத்தில், விருத்தாசலத்தில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். என் வீட்டிலேயே கேட்டாயிற்று.

முதல் படத்தில் செல்வநாயகியின் கட்டைவிரல் அருமையாக விழுந்திருந்தது. அடுத்ததில் ஒரு மண்கூட்டின் மேல் பளபளவென்று பச்சைக் குளவி.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: "விருத்தாசலத்தின் வெயில் அன்று சூளைகளையே தோற்கடித்து..."

(வேண்டாம். வெயிலைப் பற்றி அவள் கேட்கவேயில்லை.)

பிறகு இப்படி: "குழந்தையில்லாத ஒரு பெண்..."

(அடச்சே! அவளிடம் என்னென்னவோ இருக்கிறது. பொம்மைக்குக் கண் எழுதுகிற கை இருக்கிறது, தெருவையே அடக்குகிற வாய் இருக்கிறது. இல்லாததைச் சொல்லியா ஒருத்தியை அறிமுகப்படுத்துவது?)

நடந்தபடியே சொல்கிறேன். செல்வநாயகி ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறாள். சுடுவதற்கு முன் காயவைத்திருந்த பொம்மை ஒன்றின் அடித்துளைக்குள் குளவி கூடு கட்டிவிட்டது. மறுநாள் அந்தப் பொம்மையும் சூளைக்குப் போக வேண்டும். மேஸ்திரியிடம் கெஞ்சிக் கேட்டு, முந்தானையில் பொதிந்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து, ஜன்னலோரம் வைத்திருந்த அந்தப் பொம்மையின் கூட்டு மேல் பச்சைப் பூச்சி வந்து உட்கார்ந்திருக்கிறது.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: குளவி கூடு கட்டிய வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். கூட்டை யாரும் கலைக்க மாட்டார்கள். "கம்பெனியில கட்டுன கூட்ட வூட்டுக்குக் கொண்டாந்தா செல்லுமாடி?" என்று கிண்டலாகக் கேட்டேன். "இப்ப எங்க வூட்டுலதான இருக்குது?" என்றாள்.)

அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "நாள் தள்ளிப் போயிருக்குதுக்கா. அவருகிட்டகூட இன்னும் சொல்லல. போன ரெண்டு தடவையும் எல்லாருக்கும் சொன்னேன், கலைஞ்சி போச்சி."

கிண்டலை அதோடு விட்டுவிட்டுப் படத்தைக் குழுவுக்கு அனுப்பினேன்.

3

குழுவிலிருந்து பதில் வந்தது. படத்தில் இருப்பது கூடு கட்டிய குளவி இல்லையாம். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுகிற மாதிரி, இது அடுத்தவள் கட்டிய கூட்டில் முட்டை வைக்கிற ஜாதியாம்.

செல்வநாயகிக்குச் சொல்ல எழுதிப் பார்த்தவை:

"நல்ல குளவிதான் செல்வி, கவலைப்படாதே." (பொய்.)

"அந்தப் பச்சைக் குளவியின் புழு, கூடு கட்டியவளின் புழுவை..." (முடிக்கத் தைரியமில்லை.)

கடைசியில் நேரிலேயே போய்த் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். பொம்மையை எடுத்துக் கவிழ்த்து அடித்துளையைப் பார்த்தாள்.

"அப்ப உள்ள இருக்கிறது யாரு புள்ளக்கா?"

"படத்துல தெரியாது. ஒடைச்சிப் பார்த்தாதான் தெரியும்."

"ஒடைக்க வேணாம். யாரு புள்ளையா இருந்தா என்னா? உசுரோட இருந்தா சரி."

4

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். இவ்வளவு பெரிய மனசை, கதை அழகாக இருக்கட்டும் என்று நானே அவளுக்கு ஒட்டவைத்துவிட்டேனோ? அந்த வரியை அடிக்கப் போனேன். ஆனால் அதைச் சொன்ன கையோடு அவள் இன்னொன்றும் சொன்னாள்: "ஆனா அந்தப் பச்ச சனியன் மறுபடி இந்தப் பக்கம் வரட்டும், வெளக்கமாறு பிஞ்சிடும்."

அப்பாடா. இது செல்வநாயகியேதான். வரி இருக்கட்டும்.

5

நாளைக்குக் காலையில் அவளுக்கு ஸ்கேன்.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பிக் காட்டுகிறார். மற்றதில் அவர் திரையைத் திருப்பவே...

துணைக்கு வரச் சொல்லிக் கூப்பிட வந்த செல்வநாயகி, மேசையில் கிடந்த தாளை எடுத்துவிட்டாள். முதல் முடிவைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. இரண்டாவதைப் படிக்காமல் கவிழ்த்து வைத்தாள்.

"முடிக்காதீங்கக்கா. நல்லபடியாகூட முடிக்காதீங்க. போன தடவ முன்னாடியே தொட்டிலுக்குப் பொடவ எடுத்து வெச்சிட்டேன். நாளைக்கி அவங்க பார்த்துச் சொல்ற வரைக்குமாச்சும் அது எங்கிட்ட சும்மா இருக்கட்டும்."

இரண்டு முடிவையும் அவள் எதிரிலேயே கிழித்துப் போட்டேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

முடிவை எழுதும் உரிமையை வாசகருக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இப்போது அதையும் கொடுக்க மனம் வரவில்லை. ஒரே ஒரு உதவி செய்யுங்கள். நாங்கள் போய்விட்டு வரும்வரை, நல்லதாகவோ கெட்டதாகவோ, நீங்களும் மனசுக்குள் எதையும் முடித்துவிடாதீர்கள்.