கியூட்டெக்ஸ் பொட்டு வைத்த போத்தல்

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பழைய வீடு தில்லைநாதனுடையது. அதன் பின்முற்றத்தில் நின்ற பிலிம்பி மரத்தை அவர் வெறுத்த அளவுக்கு மனிதர் எவரையும் வெறுத்ததில்லை. அரசாங்க உத்தியோகம் பார்த்த காலத்தில்கூட.

மற்ற மரங்கள் மரியாதையாகக் கிளையில் காய்க்கும். இது அடிமரத்திலேயே, சொறி பிடித்த மாதிரி, பச்சைப் பச்சையாகக் கொத்துக் கொத்தாய்த் தள்ளும். காலையில் ஒரு ஓலைக் கடகம் நிறையப் பிடுங்கிவிட்டு முகம் கழுவித் திரும்பினால், பிடுங்கின இடத்தில் புதுக்காய் நின்று இளிக்கும். புளிப்போ சொல்லத் தரமில்லை. தை மாதம் ஒரு காகம் ஒரு காயைக் கொத்தியது. அன்றைக்குக் கோணின வாய் இன்னும் நிமிரவில்லை. அதற்குக் 'கா' என்று கத்த வராது, 'க்கீ' என்றுதான் வரும். சாறு பட்டுப் பின்பக்க இரும்புக் கேற்றின் துரு முழுக்கப் போனது, கூடவே கேற்றும் பாதி போனது. நம்பாதவர்கள் மிச்சப் பாதியைப் போய்ப் பார்க்கலாம்.

பெரிய அருவருப்பு, விழுந்து அழுகினதுதான். மிதித்தால் சளி போல வழுக்கும். மேலே பொடி ஈக்கள் புகை மாதிரி எழும்பும். தேத்தண்ணியைத் தூக்கினால் தேத்தண்ணிக்கு முன்னம் ஈ வாய்க்குள் போகும். அன்று காலை தில்லைநாதன் வழுக்கி, அந்தக் கூழிலேயே குந்தி எழும்பினார். சாரத்தில் ஒட்டினதை விரலால் வழித்து உதறிவிட்டு நேரே குசினிக்கு வந்தார்.

"நாகேஸ், ஆளைக் கூப்பிட்டு உந்தச் சனியனைத் தறிக்கப்போறன்."

மனைவி நாகேஸ்வரி சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காய்ச்சுக்கொண்டு நிக்கிற மரத்தில கத்தி வைக்க விடமாட்டன். பாவம்."

"உந்தக் காயை ஆர் தின்னுறது?"

"சனம் எவ்வளவு ஆசையா வாங்குது! பெருநாளுக்குப் பஹ்மியாவுக்கு இதில ஊறுகாய் போட்டுக் குடுத்தன், போத்தல் இன்னும் திரும்பி வரேல்லை. அவ்வளவு ருசி, பொத்திப் பொத்தித் தின்னுதுகள்."

"ஒருத்தருக்கும் விருப்பமில்லை. எனக்குத் தெரியும்."

"ஆராவது ஒராள் வாயைத் திறந்து 'வேண்டாம்' எண்டு சொல்லட்டும். நீங்கள் தறியுங்கோ, நான் மறிக்கமாட்டன். பிள்ளையாராணை. இப்ப போய்ச் சாரத்தை மாத்துங்கோ, நாறுது."

ஒரேயொரு 'வேண்டாம்'. இந்தப் பெரிய கொழும்பில் அது கிடைக்காதா? தில்லைநாதன் கடகத்தில் காயை நிரப்பினார். நல்லதாகப் பார்த்தல்ல, வெடித்தது, கறுத்தது, ஈ குடியிருந்தது எல்லாம் மேலே தெரிகிற மாதிரி அடுக்கினார்.

பக்கத்து அடுக்குமாடியில் கீழ்வீட்டுப் பஹ்மியா கதவைத் திறந்ததும் மூக்கு ஒருதரம் சுருங்கியது. தில்லைநாதனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"எல்லாம் அழுகல், பிள்ளை. வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, நான் கோவிக்கமாட்டன்."

"அல்லாஹ், அங்கிள்! எங்களுக்காகத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. தாங்க, தாங்க."

பின்பக்க அடுக்குமாடியில் யதுஷா வேலைக்கு ஓடுகிற அவசரத்திலும் இரண்டு கையையும் நீட்டினாள். செத்த எலியை வாலில் பிடிக்கிறவளின் சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது. "ஐயோ, தாங்கோ அங்கிள், நல்ல சாமான்!" என்றாள்.

கையால் கொண்டுபோய் நீட்டினதை வேண்டாமென்று சொல்லும் நாக்கு இந்த ஊரில் ஒருத்தருக்கும் முளைக்கவில்லை என்று அவருக்கு விளங்கியது. அப்போதுதான் கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட் நினைவுக்கு வந்தான். ஒன்றாக வேலை செய்தவன். மேலதிகாரியின் கலியாண வீட்டில் பிரியாணி ஊசிவிட்டது என்று மேடையில் ஏறிச் சொன்ன உத்தமன்.

காலி வீதியில் பஸ் ஏறினார். கடகத்து வாடைக்கு முன்சீட்டுக் கிழவரின் கட்டுப்பல் தானாகக் கழன்று மடியில் விழுந்தது. கொண்டக்டர் குனிந்து, "மேக்கே மொனவத அங்கள்?" என்று, உள்ளே என்னவென்று சிங்களத்தில் கேட்டான்.

"பிலிங், மல்லி. ஓனத?" வேணுமோ என்று தில்லைநாதனும் சிங்களத்தில் நம்பிக்கையோடு கேட்டார்.

"ஆ, தென்ன!" என்று தரச்சொல்லி அவன் ஒரு கை அள்ளிக் காசுப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டான். தில்லைநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்ட் கடகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன கருமம்டா மச்சான் இது? எங்களுக்கு வேண்டா..." என்று தொடங்கினான். மிச்ச எழுத்து வரமுதல் மனைவி ஐறீன் அவனுடைய காலை மிதித்தாள்.

"அவருக்கு என்ன தெரியும்? தாங்கோ அண்ணை!"

கடகத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லையே. ஐறீன் உள்ளே போய் ஒரு போத்தலைக் கொண்டுவந்து கடகத்துக்குள் வைத்தாள். "நான் போட்ட அச்சாறு. அக்காவுக்குக் குடுங்கோ."

தில்லைநாதன் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். அடியில் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்சால் ஒரு பொட்டு. திரும்பி வரவேண்டிய போத்தல்களுக்கெல்லாம் நாகேஸ்வரி வைக்கிற பொட்டு.

"ஐறீன், இது நீங்கள் போட்டதோ?"

ஐறீன் சேலைத் தலைப்பைத் திருகினாள். "எங்கட மகள் நதீஷாவோட வேலை செய்யிற பிள்ளை ஒண்டு குடுத்தது, அண்ணை. யதுஷா எண்டு. அதுக்கு யாரோ பக்கத்து வீட்டு முஸ்லிம் ஆக்கள் குடுத்ததாம். வாங்கினதை அப்பிடியே தள்ளிவிட்டா வெக்கமில்லையா? அதான் நான் கடுகும் வினாகிரியும் போட்டன்."

"நீங்கள் தின்னேல்லையோ?"

"மூடியைத் திறந்ததும் இவ வாசலுக்கு ஓடிட்டா," என்றான் ஒஸ்வால்ட்.

தில்லைநாதன் போத்தலைக் கோப்பை வென்றவர் போல நெஞ்சில் அணைத்துக்கொண்டு வீடு திரும்பினார். வழியில் இரண்டு கதவையும் தட்டி விசாரித்தார். பஹ்மியா பேரீச்சம்பழம் போட்டிருக்கிறாள். யதுஷா உள்ளியும் செத்தல் மிளகாயும் போட்டிருக்கிறாள். ஒருத்தரும் நாக்கில் வைக்கவில்லை.

போத்தலை நாகேஸ்வரியின் முன்னால் கவிழ்த்துப் பொட்டைக் காட்டினார். "இந்தாரும், உம்மட சனம் பொத்திப் பொத்தித் தின்ற ஊறுகாய். கொழும்பு முழுக்கச் சுத்தி வந்திருக்கு."

நாகேஸ்வரியின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு நிமிர்ந்தார். "தள்ளித்தான் விட்டிருக்கினம். வேண்டாம் எண்டு ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்!"

"தின்னாமல் சொல்லுறது செல்லாது. இருங்கோ."

சாப்பாட்டுக் கோப்பையில் சோறு விழுந்தது, ஓரத்தில் அந்த ஊறுகாய். கறுத்துக் கொழகொழவென்று, முற்றத்தில் அவர் குந்தி எழும்பின கூழைப் போலவே இருந்தது. மரம் விழும் சத்தத்தை மனதில் கேட்டுக்கொண்டு, முகத்தைக் கோணலுக்குத் தயார்ப்படுத்தி, ஒரு விரல் வழித்து வாயில் வைத்தார்.

முகம் கோணவில்லை.

பேரீச்சம்பழம் புளிப்பின் கொம்பை முறித்திருந்தது. உள்ளி ஊறியிருந்தது. கடுகு மெல்ல மூக்கில் ஏறியது. மாதக்கணக்காகக் கொழும்பு வெக்கையில் கிடந்து எல்லாம் ஒன்றோடொன்று சமாதானமாகிவிட்டிருந்தன. அவர் தன் நாக்கை அருவருத்தார். அது அவர் பேச்சைக் கேட்காமல் இன்னொரு கவளத்துக்குத் துழாவியது. இவ்வளவு காலம் கூட இருந்த நாக்கு இப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"எப்பிடியப்பா?"

"படு மோசம்." கோப்பையில் சோறு முடிந்திருந்தது.

நாகேஸ்வரி கரண்டியைப் போத்தலுக்குள் விட்டு, ஏந்தினபடி நின்றார். "இன்னும் கொஞ்சம் வைக்கவோ?"

காலையிலிருந்து கடகத்தோடு அலைந்து தேடின அந்தச் சொல்லை இப்போது அவரே சொல்லலாம். தில்லைநாதன் வாயைத் திறந்தார். 'வே' வரை வந்தது.

பின்முற்றத்தில் ஒரு காய் 'சொத்'தென்று விழுந்தது. காகம் 'க்கீ' என்றது. தில்லைநாதன் வாயை மூடிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி, கோப்பையை நீட்டினார்.