லிஃப்டுக்குள் ஓர் ஒப்பந்தம்

1

இந்தக் கதையை என் அண்ணியிடமிருந்து சுட்டேன். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உள்ளே சிக்கியவர் என்ன உளறினாலும் கதவு திறக்கும்வரை சரி, சரி என்றே சொல்லவேண்டும், அதுதான் தொழில் என்றார். எனக்குக் கை பரபரத்தது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஆற்றின்மேல் பொன்னிற மாலை மெல்ல’

வேண்டாம். மாலைக்கும் இனி வரப்போகும் வழக்குக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

2

ஓர் ஆறு. இரு கரையிலும் இரண்டு நாடுகள். நடுவே ஓடிய படகு நின்று பல வருடமாகிறது. மறுபடி விடலாம் என்பதில் இரு அரசுகளுக்கும் சம்மதம்தான். யார் படகு முதலில் கிளம்புவது என்பதில்தான் இழுபறி, முதலில் விட்டவர் இறங்கி வந்ததாக ஆகிவிடுமாம். அண்ணியின் தங்கை வாழ்க்கைப்பட்டது அக்கரையில். அவள் குழந்தையை அண்ணி போனில் மட்டுமே கொஞ்சியிருக்கிறார்.

ஒருநாள் இக்கரையில் நடந்த பேச்சுவார்த்தையும் முறிந்தது. கோபமாக லிஃப்டில் ஏறிய அக்கரைத் தூதர், இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனார். அண்ணியை அழைத்தார்கள். சிக்கியவரைப் பேசவைத்தால் பதற்றம் குறையும். அதனால் அண்ணி கதவுக்கு வெளியிலிருந்து ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் விசாரித்தார். தூதர் கடைசியில் மனம்விட்டுக் கொட்டினார்.

“உங்க பக்கமும் அதே நேரத்துல விட்டா, நாங்க நாளைக்கே படகு விடறோம்மா. இதுல என்ன பெரிய விஷயம் இருக்கு?”

“கவலைய விடுங்க சார். எங்க பக்கத்தை நான் பாத்துக்கறேன்.”

[இந்த இடத்தில் அண்ணியின் கையிலிருந்த ஸ்பேனர் ஒரு கணம் நின்றது என்று எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். ஏன் இப்படி அல்லாடுகிறேன் என்பது நான்காம் பகுதியில் தெரியும்.]

3

தூதர்களுக்கு ஒரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும் தலைநகருக்குச் சொல்லிவிடுவார்கள். அண்ணி சொன்னதும் இக்கரையின் வாக்காகப் போய்ச் சேர்ந்தது. தலைநகரும் சலித்துப்போய்க் கிடந்தது போலும். மறுநாள் காலையில் அக்கரையிலிருந்து படகு கிளம்பிவிட்டது. அதைப் பார்த்த நம் படகோட்டி, மேலே கேட்டுக்கொண்டிருந்தால் விடிந்த மாதிரிதான் என்று கயிற்றை அவிழ்த்தார். நடு ஆற்றில் இரண்டு படகுகளும் எதிரெதிரே வந்தபோது இரண்டிலும் ஒரே கைதட்டல். எழுதும்போது எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

தங்கை இறங்கினாள். குழந்தை அண்ணியிடம் தாவி, மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது.*

* அண்ணி அன்று லீவு போட்டுவிட்டுக் கரையில் நின்றிருந்தார். வழக்கறிஞர்கள் கவனிக்கவும்.

4

இந்தக் கதையின் நாட்டில் ஒரு சட்டம் உண்டு. அரசு அதிகாரம் தராத எவரும், ஒரு தகராறு பற்றி அந்நிய அரசோடு பேரம் பேசக்கூடாது. மீறினால் சிறை. சட்டத்தை நான்தான் இயற்றினேன், அதனால் குறை சொல்லவும் வாயில்லை. ஆளாளுக்குக் கிளம்பி அந்நிய அரசுக்கு வாக்குக் கொடுத்தால் நாடு என்னத்துக்கு ஆகும்?

சட்டத்துறை, அண்ணி லிஃப்டில் சொன்னது குற்றமா என்று கருத்துக் கேட்டது, அங்கே வேலை பார்க்கும் என் அண்ணனிடம். அண்ணன், சொந்த மனைவியாயிற்றே என்று விலகிக்கொண்டார். வீட்டுக்கு வந்து வாய் ஓயவில்லை. சும்மா சமாதானத்துக்குச் சொன்னேன் என்று விசாரணையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேரமே இல்லை, குற்றமும் இல்லை என்று அண்ணியிடம் கெஞ்சினார்.

ஆனால் அக்கரைக்காரர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். சும்மா சொன்ன வாக்கென்றால் படகைத் திருப்பிக்கொள்வார்களாம்.

5

விசாரணை அறை. அதிகாரி கேட்கிறார்: “மனசார சொன்னீங்களா, சும்மா சொன்னீங்களா?”

நான் ‘சும்மா’ என்று எழுதினேன். படகு நின்றால் நிற்கட்டும். அண்ணி இல்லாத வீட்டை எனக்கு எழுதத் தெரியாது.

அண்ணி இதைப் படித்தார். என் பேனாவை வாங்கி அந்தச் சொல்லை அடித்தார். பதிலுக்கு எதையும் எழுதவில்லை.

“அப்ப கதை எப்படி முடியறது அண்ணி?”

“அந்த எடத்தை காலியா விடு தம்பி. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

அவர் அப்படிச் சொன்னால் எதிரே யாரோ சிக்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இந்த முறை நான். கதவு உங்கள் பக்கம் இருக்கிறது.

அண்ணி அதிகாரியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது: “                    ”

நிரப்புங்கள். கொஞ்சம் சீக்கிரம். அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லிவிட்டுத் தங்கை படகில் ஏறிவிட்டாள். குழந்தை அண்ணியின் கண்ணாடியை இன்னும் திருப்பித் தரவில்லை.