‘சாலு’ என்றால் போதாது

கடிதத்தில் தேதி தெளிவாக இருந்தது. நவம்பர் பதினாறு, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அதியா வேலையில் சேராவிட்டால், அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும். ஓசூர் சிப்காட்டில் மின்சார ஸ்விட்ச் செய்கிற கம்பெனி. அதியாவுக்குப் பத்தொன்பது வயது. வேலைக்கு மனுப் போட்டபோது அவளுடைய பாட்டி ஃபகருன்னிசா உயிரோடு இருந்தார். கடிதம் வந்தபோது இல்லை.

அதியாவின் தந்தை பஷீர் அஹமது ஜூஜுவாடியில் டயர் கடை வைத்திருப்பவர். கோபக்காரர் அல்ல. அதனால்தான் அவர் மனைவி வஜிஹாவுக்கு அவரோடு வாதாட முடியவில்லை.

“எங்கம்மா அறுபத்தெட்டு வருசம் இருந்தாங்க. ஒரு நாளாவது தனியா வாசப்படி தாண்டுனாங்களா? அந்த வீட்டுப் பொண்ணு விடியறதுக்கு முன்னாடி ஆம்பளைங்களோட பஸ் ஏறிப் போறதா? வேணாம் வஜிஹா. அவங்க பேருக்கு அது மரியாத இல்ல.”

வஜிஹாவுக்கும் அது தெரியும். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கர்நாடகத்து ஆனேக்கல்லில் பிறந்து பதினைந்து வயதில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர் அவளுடைய மாமி. வாசலுக்கு எதிரே மாட்டுவண்டித் தடம் நெடுஞ்சாலையானது, லாரிகள் வந்தன, கம்பெனிகள் வந்தன. மாமி அந்தச் சாலையின் மறுபக்கத்துக்குக்கூடத் துணையில்லாமல் போனதில்லை. சமைத்தார், பெற்றார், வளர்த்தார், தொழுதார். இறப்பைப் பதியப் போனபோது எழுத்தர் “என்ன தொழில்?” என்று கேட்டாராம். பஷீர் “வீட்டுலதாங்க இருந்தாங்க” என்றதும் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டாராம். அந்தக் கோடு வஜிஹாவின் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. மகள் வேலைக்குப் போகவேண்டும் என்ற ஆசையோ அதைவிட ஆழமாகக் கிடந்தது. வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

பதினைந்தாம் தேதி ஞாயிறு, மாமிக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. ஓதி முடித்து உறவினர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய நேரத்தில், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அதே கம்பெனியின் பஸ்ஸை ஓட்டும் திம்மராயன் நின்றிருந்தான். அவன் பின்னால், அந்த பஸ்ஸில் வேலைக்குப் போகிற பத்துப் பன்னிரண்டு பெண்கள், தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு, யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று தெரியாமல் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

“பெரியம்மா கையில சாப்பிட்டவங்க நாங்க. கூப்பிடாமயே வந்துட்டோம், தப்பா நெனக்காதீங்க பாய்” என்றான் திம்மராயன்.

“தப்பென்ன, வாங்க, உக்காருங்க” என்று பஷீர் பாய் விரித்தார்.

சாப்பிடும்போதே திம்மராயனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “நாலு வருசம் பாய்! தெனம் காலைல பஸ்ஸ இந்த வாசல்ல நிறுத்துனா, பெரியம்மா ஒரு சொம்பு ராகிக் கூழு குடுப்பாங்க. குடிச்சிட்டு ‘சாலு, சாலு’ம்பேன். எங்க தெலுங்குல சாலுன்னா போதும். அவங்க கன்னடத்துப் பக்கம் பொறந்தவங்களா, ‘சாலது’ன்னு காதுல விழும் போல. அங்க சாலதுன்னா பத்தலைன்னு அர்த்தம். ‘அய்யோ, புள்ளைக்குப் பத்தலையா’ன்னு இன்னொரு சொம்பு ஊத்துவாங்க. நான் திரும்பவும் சாலும்பேன். திரும்பவும் ஊத்துவாங்க! பெரியவங்க குடுக்கறத எப்படிக் கீழ வெக்கறது? என் வயித்தப் பாருங்க, இது கம்பெனி வளத்ததில்ல, உங்கம்மா வளத்தது!”

எல்லோரும் சிரித்தார்கள். பஷீரும் சிரித்தார். வஜிஹாவின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

கீரை விற்கும் மாரம்மா தெலுங்கைத் தவிர வேறு பேசமாட்டாள். அவளோடு முப்பது வருடம் பேரம் பேசியவர் மாமி. முறத்தில் கீரை விழ விழ, “சாலு மாரம்மா, சாலு” என்று கையை நீட்டித் தடுத்ததை வஜிஹா எத்தனை முறை கேட்டிருக்கிறாள்!

“மாமிக்கு சாலுன்னா என்னன்னு நல்லாத் தெரியுமே” என்றாள், திரைக்குப் பின்னாலிருந்து. ஆண்கள் இருக்கும் கூடத்தில் அவள் குரல் கேட்டது அதுவே முதல் தடவை.

திம்மராயன் கையில் சோற்றோடு அப்படியே இருந்தான். “தெரியுமா? பின்ன எதுக்கு ஊத்துனாங்க?”

பெண்கள் வரிசையில் கடைசியாக இருந்த சென்னம்மா மெல்ல வாய் திறந்தாள். ஏரிக்கு அந்தப்புறத்துக் கிராமத்துக்காரி. கூலிக்காரக் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பெனிக்குப் போனவள்.

“எனக்காகண்ணா. எனக்கும் இதோ இவங்க ரெண்டு பேருக்கும். எங்க ஊருலருந்து நாலு மைலு. மாட்டக் கறந்துட்டு எப்படி ஓடியாந்தாலும் அஞ்சு நிமிசம் பிந்திப் போவும். தெனம் ஏரிக்கரையிலருந்து பாப்பேன், பஸ்ஸு நிக்கும். எங்க அதிர்ஷ்டம்னு நெனச்சேன். அம்மா வாசப்படியில நின்னுக்கிட்டு கரையவே பாத்துட்டிருப்பாங்க. நான் ஏறுனதும்தான், ‘போப்பா, வயிறு வெடிச்சிறப் போவுது’ம்பாங்க. அவங்க போனதுக்கப்பறம் மூணு தடவ பஸ்ஸ விட்டுட்டேன். அப்பத்தான் எனக்கும் புரிஞ்சுது.”

“அடி பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?” என்றான் திம்மராயன். “‘நேரத்துக்கு எடுக்கணும், யாருக்கும் நிக்கமாட்டேன்’னு மொத வாரமே பெரியம்மாகிட்ட ஜம்பமாச் சொன்னவன்தான் நான். அதுக்குத்தான் இந்தக் கூழு வைத்தியமா! இருக்கட்டும். இனிமே உங்களப் பாக்காம வண்டி நகராது.”

கூடம் சிரிப்பால் அதிர்ந்தது. பஷீர் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாண்டாத அந்த வாசப்படியில் நின்றபடியே அம்மா நாலு வருடம் ஒரு பேருந்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். அதுவும் யார் வீட்டுப் பெண்களுக்காகவோ. வலது கை கொடுப்பதை இடது கை அறியக்கூடாது என்பார்கள். பெற்ற மகனே அறியவில்லை.

வஜிஹா அந்த நேரத்தை விடவில்லை. திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “ஏங்க, அடுத்த வீட்டுப் புள்ளைங்களுக்காக பஸ்ஸ நிறுத்துனவங்க, சொந்தப் பேத்தி ஏறுறத வேணாம்னா சொல்லியிருப்பாங்க?”

அடுக்களைக் கதவருகே அதியா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

பஷீர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “திம்மராயா, நாளைக்கு என் பொண்ணு வருவா. எந்தப் பக்கம் உக்காரணும்?”

“எங்க பக்கம்!” என்று அத்தனை பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மறுநாள் விடிகாலை பஜ்ர் தொழுகை முடித்து வந்த பஷீர், சட்டை மாற்றாமல் வாசலில் காத்திருந்தார். பனி மூட்டத்துக்குள்ளிருந்து பஸ் வந்து நின்றது. அதியா “பிஸ்மில்லாஹ்” சொல்லி வலது காலை எடுத்து வைத்தாள். உள்ளேயிருந்து நாலைந்து கைகள் நீண்டு, அவளை வாரி எடுத்துக்கொண்டன. ஏரிக்கரையிலிருந்து சென்னம்மாவும் ஓடிவந்து ஏறினாள். பஸ் நகர்ந்தது.

வஜிஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், கணவரைக் காணோம். டீக்கடையில் அவர் குரல் கேட்டது. கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: பால்காரரிடம் தெலுங்கில், அத்திப்பள்ளி லாரிக்காரரிடம் கன்னடத்தில், டீ ஆற்றுகிறவரிடம் தமிழில்.

“எம் பொண்ணு வேலைக்குப் போயிருக்காப்பா!”