கண்டுபிடித்துத் தரப்படும்

ஜாபேஸ் எழுதிக் கொடுத்தது ‘கண்டுபிடிக்கக் கற்றுத் தரப்படும்’ என்றுதான். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு செத்தவீட்டுச் செய்தியும் துணிக்கடைத் தள்ளுபடியும் சொல்லிப் பிழைக்கிற முத்துக்கனிக்கு அது வாயில் நுழையவில்லை. பெரியதாழை வருவதற்குள் சுருக்கிவிட்டார். பழைய ஐஸ் கம்பெனிக்கு நாசரேத் சார் வந்திருக்கிறார், எதுவானாலும் கண்டுபிடித்துத் தரப்படும், இலவசம் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்.

கூட்டம் நெரிந்தது. அங்கே பயிற்சி மையம் திறந்த நாள் முதல் ஈக்களுக்கு மட்டுமே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஜாபேஸுக்குத் தலைகால் புரியவில்லை. யாராலும் ஒரு கருவியைப் புரிந்துகொள்ள முடியும், புதிதாக ஒன்று செய்யவும் முடியும் என்று நம்பி, தூத்துக்குடியில் கல்லூரி வேலையை உதறிவிட்டு வந்த நாசரேத்துக்காரன் அவன். அன்று மாலை மையத்துக்குப் பணம் தரும் அறக்கட்டளையின் ஜெயசிங் வருகிறார். ஊர்க்காரர் ஒருவராவது சொந்தமாக எதையாவது செய்து காட்டாவிட்டால் மையத்தை மூடிவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மூடினால் ஜாபேஸுக்குச் சாத்தான்குளத்தில் சித்தப்பாவின் பெயின்ட் கடைதான். சித்தப்பா அவனுக்கென்று ஒரு ஸ்டூல்கூட வாங்கிப் போட்டாயிற்று.

உங்களுக்கெல்லாம் என்ன கண்டுபிடிக்க ஆசை என்று கேட்டான். பாண்டித்துரை எழுந்து, கடலில் விழுந்த தன் படகு மோட்டாரின் விசிறி என்றார். ஒருத்திக்குக் கம்மல் திருகாணி. இன்னொருத்திக்கு, சாகுபுரத்துக்கு ஷிப்டு போவதாகச் சொல்லிவிட்டு வேறெங்கோ போகிற கணவன். ஜாபேஸ் உற்சாகமாகப் பலகையில் எழுதிக்கொண்டே வந்தான். கணவனிடம் வந்ததும் சாக்பீஸ் நின்றது.

அப்போது டீக்கடை சுடலைச்செல்வி ஒரு கவுளி வெற்றிலையை மேஜைமேல் வைத்தாள்.

"வெத்தலை நான் கொண்டாந்துட்டேன். மை நீங்க வச்சிருக்கியளா சார்?"

வெற்றிலையில் மை தடவி, தொலைந்த பொருள் இருக்கும் இடத்தை அதில் பார்த்துச் சொல்கிறவன் என்று தன்னை நினைத்து வந்திருக்கிறார்கள் என்பது ஜாபேஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் அப்பா நாசரேத் சர்ச்சில் உபதேசியார். இது அவர் காதுக்குப் போனால் என்ன ஆகும்? இது அந்தக் கண்டுபிடிப்பு இல்லை, பல்பைக் கண்டுபிடித்தார்களே, அந்த மாதிரி என்று விளக்கினான்.

சுடலைச்செல்வி யோசித்தாள். "பல்பத் தொலைச்சது யாரு?"

"யாரும் தொலைக்கலை. இல்லாததைக் கண்டுபிடிச்சாங்க."

"உள்ள ஆட்டுக்குட்டியையே காணோம்ங்கேன். இல்லாததுக்கு எங்கன போக?"

கூட்டம் எழுந்தது. ஜாபேஸ் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றான். பெயின்ட் வாடை மூக்கில் அடித்தது. ஆடு எப்படித் தொலைகிறது என்றாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினான்.

குட்டி தினமும் உடைமர முள்காட்டுக்குள் போய்விடுகிறதாம். தாயாடு மோப்பம் பிடித்துப் போய்ச் சேர்ந்துகொள்ளுமாம். அப்புறம் இரண்டையும் தேடவேண்டும். மணி கட்டியிருக்கலாமே என்றான். கட்டினாளாம், மணியும் சேர்ந்து தொலைந்ததாம்.

"காட்டுக்கு வெளியே நிக்கிற உங்க கண்ணுக்கு ஆடு இருக்க இடம் தெரியணும். அதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு, ஜாபேஸ் வாயை மூடிக்கொண்டான். வகுப்பில் அவன் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

ஆளாளுக்குப் பேசினார்கள். ஆட்டுக்குச் செல்போன் கட்டலாம் என்றார் ஒருவர். அடித்தால் எடுக்காது என்றார் இன்னொருவர். சுடலைச்செல்வி பாண்டித்துரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலை கிடக்கிற இடம் தெரியக் கடலில் கொடிக்கம்பு மிதக்கவிடுகிறார்களே, அதில் ஒன்று கொடுங்கள் அண்ணாச்சி என்றாள்.

வீட்டில் கட்டிக்கிடந்த தாயாட்டைக் கொண்டுவந்து, அதன் முதுகில் கம்பைக் கட்டி விட்டார்கள். முதல் மரத்திலேயே மாட்டிக்கொண்டு, ஆடு நின்ற இடத்தில் ஊரைத் திட்டியது. கம்பு வளையவேண்டும், வளைந்தது தானாக நிமிரவும் வேண்டும், அப்படி என்ன பொருள் உங்கள் வீட்டில் இருக்கிறது என்று ஜாபேஸ் கேட்டான். சுடலைச்செல்வி ஓடிப்போய், புருஷனைக் கேட்காமலே அவன் சைக்கிள் டியூபை அறுத்துக்கொண்டு வந்தாள்.

ஜெயசிங் வந்தபோது ஊரே சாலையில் நின்றது. உடைமரங்களுக்கு மேலே ஒரு கறுப்புக்கொடி தனியாக நடந்துகொண்டிருந்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி நடந்தது. போராட்டமோ என்று அவர் காரைவிட்டு இறங்கவில்லை. கொடி ஓரிடத்தில் நிற்கவும் சுடலைச்செல்வி உள்ளே பாய்ந்தாள். தாயாட்டை இழுத்துக்கொண்டு, குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

ஜெயசிங் இறங்கிக் கொடியைக் காட்டினார். "இதைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நாந்தான்," என்று அவள் குட்டியைத் தூக்கிக் காட்டினாள். "பனைமரத்து மூட்டுக்குப் பின்னால நின்னுச்சு."

ஜாபேஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒத்தக் கம்புன்னா முள்ளுல மாட்டுது," என்று அவள் தொடர்ந்தாள். "அடியில டியூப வச்சேன். சாயும், பெறவு நிமிந்துக்கிடும்."

ஜெயசிங் கம்பை வளைத்துப் பார்த்தார். அது நிமிர்ந்து அவர் கண்ணாடியைத் தட்டிவிட்டது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி வளைத்தார். மறுபடியும். சாவியைப் பற்றிய பேச்சே வரவில்லை. காரில் ஏறும்போது, நன்றாக நடத்துங்கள் என்று ஜாபேஸிடம் சொல்லிவிட்டு, கம்பு மட்டும் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கலாம் என்றார்.

சுடலைச்செல்வி அதை ஒப்புக்கொள்ளவில்லை. நீளமானால் காற்றுக்கு ஆடு கவிழும், எப்படிக் கவிழும் என்றால், என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தாள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார்.