கோப்பில் இருந்தவள்

உட்காருங்கள் என்று குமாஸ்தா மூன்று தடவை சொல்லியும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். பத்து நாளாக எனக்கு எங்குமே இருப்புக் கொள்ளவில்லை. வேலை பார்க்கிற வண்டி நிறுத்தத்திலும் டோக்கனைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வரிசைக்கு வரிசை நடந்துகொண்டே இருக்கிறேன். காலில் சக்கரமா என்று கேலி செய்கிறார்கள். அந்த நிறுத்தத்தையும் அடுத்த மாதம் மூடப்போகிறார்கள். அதற்குப் பிறகு என் சோற்றுக்கு செத்துப்போன புருஷனின் பென்ஷனை விட்டால் வேறு நாதியில்லை.

என் புருஷன் குடிநீர் வாரியத்தில் பம்ப் ஓட்டியவர். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் என்னை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போனார். விவாகரத்து அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் செத்ததும், சட்டப்படி பென்ஷன் உனக்குத்தான் என்று ஆளாளுக்கு வக்கீல் ஆனார்கள். பத்து நாளைக்கு முன்னால் இதே மேஜையில் கோப்பைத் திறந்தார்கள். மனைவி என்ற இடத்தில் என் பெயர்தான் இருந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த படம் அவளுடையது.

வாரிய ஆஸ்பத்திரியில் மனைவிக்கு வைத்தியம் இலவசம். இரண்டாவது ஒருத்தியை எழுதினால் வேலை போய்விடும். அதனால் மனுஷன் பெயரைத் தொடாமல் படத்தை மட்டும் மாற்றிவிட்டார். கோப்பின்படி, ஆறு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்களாம். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்குப் போய் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அழுதேன்.

“அந்தம்மா வந்து, படத்துல இருக்கிறது நான், பேரு என்னோடது இல்லன்னு எழுதிக் குடுத்தா வேலை முடிஞ்சுது. இல்லன்னா கோர்ட்டு, கேஸுன்னு நீங்கதான் அலையணும்” என்றார் குமாஸ்தா அன்றைக்கு.

சண்டைக்குத் தயாராகத்தான் அவளுக்கு போன் செய்தேன். நாக்கு நுனியில் பதினெட்டு வருஷம் காத்திருந்தது. அவளோ, “எத்தனை மணிக்கு வரணும்க்கா?” என்றாள். அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. என் பெயரில் அவளே மனு போட்டிருந்தால், படத்தைப் பார்த்து மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பார்கள். அவள் போடவில்லை.

இன்று சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து வராந்தாவில் நின்றிருந்தாள். படத்தில் இருந்ததைவிட இளைத்திருந்தாள்.

“இதை எழுதிக் குடுத்துட்டு நீ என்ன பண்ணுவே?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ஏதாச்சும் பண்ணுவேன்க்கா” என்றாள். அவளிடம் ஏதாச்சும் என்று ஒன்றுமே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

குமாஸ்தா எழுதியதைப் படித்துக் காட்டினார். அவள் தலையாட்டினாள். பேனாவை வாங்கி, முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக எழுதினாள். குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா இது? உங்க பேரைத்தானே எழுதச் சொன்னேன்!”

அவள் எழுதியிருந்தது என் பெயர். நான் எழுதுவதைவிட அழகாக இருந்தது.

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார்” என்றாள். “ஆஸ்பத்திரியில போடணும்னு அவரு இதை மட்டுந்தான் கத்துக்குடுத்தாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எத்தனை சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து என் பெயரை எழுதவைத்திருப்பார்! என்னோடு இருந்தவரை என்னைப் பேர் சொல்லிக்கூட அவர் கூப்பிட்டதில்லை.

குமாஸ்தா அலுத்துக்கொண்டே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு இன்னொன்றை எழுதினார். மை டப்பாவை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

“அப்போ கைநாட்டு வைங்க. அந்தம்மாவுக்கு இது பழக்கமில்ல போல, நீங்க கொஞ்சம் விரலைப் பிடிச்சு வைங்கம்மா. கலைஞ்சா செல்லாது.”

மை தோய்ந்த கட்டைவிரலை அவள் என் பக்கம் நீட்டினாள். பிடித்தேன். சில்லென்றிருந்தது. விரலுக்கும் தாளுக்கும் நடுவில் இரண்டு அங்குலம் இருக்கும். அவள் அழுத்தவில்லை. நானும் அழுத்தவில்லை.