எவர்சில்வர் ஆணி

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அக்காவிடம் சுட்டது. அவள் தற்காலிக வேதியியல் ஆசிரியை. கல்வி அதிகாரி வந்து பாடத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டால் வேலை நிரந்தரம். நடந்ததைச் சொல்லிவிட்டு, "எழுதித் தொலைச்சுடாதடா" என்றாள். எழுதாமல் இருப்பேனா?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நீலக் கரைசலில் ஆணி மூழ்கியபோது, தன் வாழ்க்கையும் அதனுடன்...'

(வேண்டாம். ஆணி மூழ்கியது, அவ்வளவுதான்.)

பாடம், இடப்பெயர்ச்சி வினை. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால், அதிலிருக்கும் தாமிரத்தை இரும்பு வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். தள்ளப்பட்ட தாமிரம் ஆணிமேல் செம்பழுப்பாகப் படியும். (நிரந்தர வேலைக்கும் இதே வழிதான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அக்கா உதைப்பாள் என்று அடித்துவிட்டேன்.)

3

ஆய்வக உதவியாளர் நல்ல மனிதர். அதிகாரி வருகிறாரே என்று, வழக்கமான மலிவு ஆணியை விட்டுவிட்டுக் கடையிலேயே உயர்ந்த ரகமாகப் பார்த்து வாங்கி வந்தார். எவர்சில்வர். அது இந்தக் கரைசலுக்கெல்லாம் அசைந்து கொடுக்காது. (இப்படி ஒருவர் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம்தான்.)

சோதனைக் குழாய்களில் ஆணிகள் பளபளவென்று நின்றன. பின் பெஞ்சில் அதிகாரி. நேரம் கடத்துவதற்காக அக்கா, கண்டதை எழுதுங்கள் என்றாள்.

பிள்ளைகள் மளமளவென்று எழுதினார்கள்: 'ஆணியின் மேல் செம்பழுப்பு நிறம் படிந்தது.' புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதிகாரி தாள்களைப் பார்த்துப் பிரமாதம் என்றார். ஆணியை அவர் பார்க்கவில்லை.

வாயாடி என்று பட்டப்பெயர் வாங்கிய ஒருத்தி மட்டும் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதியிருந்தாள்.

"இந்தப் பொண்ணு கவனிக்கலையா?" என்று கேட்ட அதிகாரி, திருத்தச் சொல்லிச் சிவப்புப் பேனாவை அக்காவிடம் நீட்டினார்.

4

முடிவு அ: சரி போடுகிறாள். வேலை போகிறது. வாசகர்கள் கண் கலங்குகிறார்கள், எனக்குப் பாராட்டு.

முடிவு ஆ: தப்பு போடுகிறாள். வேலை நிரந்தரம். வாயாடி அன்றிலிருந்து புத்தகத்தில் இருப்பதை மட்டுமே எழுதுகிறாள்.

வேலை நிரந்தர உத்தரவு இன்னும் வரவில்லை. அன்று என்ன போட்டாய் என்று அக்காவிடம் கேட்டேன்.

"நீ அங்க இருந்தியா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிடா எழுதுவ? அந்தப் பசங்க மாதிரியா?"

5

ஆகவே தாளை உங்களிடம் தருகிறேன். குழாயில் ஆணி பளபளக்கிறது. அதிகாரி பக்கத்திலேயே நிற்கிறார். வாயாடி உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பேனாவைப் பிடியுங்கள்.