நாற்பது கணக்கு

கெட்டிக்காரப் பிள்ளை என்று ஒரு ஜீவன் உலகத்திலேயே கிடையாது. சீக்கிரம் முடித்துவிட்டுப் பக்கத்து பெஞ்சைக் கெடுக்கிற பிள்ளை மட்டும்தான் உண்டு. இதைக் கணக்கு வாத்தியார் பதினோரு வருடமாக ஆசிரியர் அறையில் அறிவித்து வருகிறார். பூமி உருண்டை என்பதற்காவது நாலு பேர் ஆதாரம் கேட்டிருப்பார்கள். இதற்கு ஒருவரும் கேட்டதில்லை.

அந்த வியாதிக்கு அவரிடம் மருந்தும் இருந்தது. முதலில் முடிக்கிற பிள்ளைக்கு அதே மாதிரி இன்னும் நாற்பது கணக்கு. மருந்து நன்றாகவே வேலை செய்தது. வருடம் தொடங்கி ஒரு மாதத்துக்குள் அவர் வகுப்பில் சீக்கிரம் முடிக்கிற பிள்ளையே இல்லாமல் போய்விடும்.

அதே பள்ளியில் அவருடைய சொந்த அக்காதான் அறிவியல் டீச்சர். மதிய இடைவேளையில் டிபன் டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, வேகமாகப் போகிற நாலைந்து பிள்ளைகளுக்குத் தனித்தனியாகக் கேள்வி எழுதிக்கொண்டிருப்பார்.

"என்னக்கா, ராஜ உபசாரமா? விசிறி வீச ஆள் வேணுமா?"

"வாயை மூடிட்டு சாப்பிடுடா. உன் கணக்கு வகுப்புல அந்த ஆமை இருக்காளே, அவளை முதல்ல ஒழுங்கா கவனி."

ஆமை ஏழாம் வகுப்புப் பெண். இப்போதெல்லாம் எந்தப் பரீட்சையிலும் பேப்பரைக் கடைசியாகக் கொடுப்பவள். முதல் பரீட்சையில் மட்டும் எல்லாருக்கும் முன்னால் முடித்து நூறு வாங்கினாள், கூடவே நாற்பது கணக்கும் வாங்கினாள். அதன் பிறகு ஐம்பதோடு சரி. போன வாரம் நாற்பத்தெட்டு.

அந்தப் பள்ளியில் ஒரு முறை ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் மெல்லக் கற்போர் பிரிவு. அங்கே போகிற பிள்ளை கூட்டலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்ததாகப் பதிவேட்டில் இல்லை.

அன்று மூன்று மணிக்குத் தலைமையாசிரியை அறையில், அவளை அங்கே மாற்றுகிற படிவம் தயாராக இருந்தது. பெண்ணின் அப்பா பஸ் டிரைவர், காக்கிச் சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வகுப்பாசிரியை என்ற முறையில் அக்காவும் ஒரு மூலையில் இருந்தார். ஆமை சுவரோரமாக நின்றாள்.

"மூணரைக்கு வண்டி எடுக்கணும் மேடம். கையெழுத்து எங்க போடணும்?" என்றார் டிரைவர். காட்டிய இடத்தில் போட்டார். தலைமையாசிரியையும் போட்டார். பாக்கி கணக்கு வாத்தியார்தான்.

பேனாவைத் திறந்தவர், படிவத்தோடு குத்தியிருந்த பேப்பர்களைச் சும்மா ஒரு புரட்டு புரட்டினார். ஐம்பது. ஐம்பது. ஐம்பது. ஐம்பது. நாற்பத்தெட்டு.

பேனா நின்றது. ஐம்பது வாங்குகிற பிள்ளை ஒரு நாள் ஐம்பத்தாறும் இன்னொரு நாள் நாற்பத்தொன்றும் வாங்கும். இப்படி ஆணி அடித்த மாதிரி யாரும் வாங்குவதில்லை. தப்பான விடைகளைப் பார்த்தார். நீளமான வகுத்தல், ஆறு படியும் அழகாக இறங்கி வந்து, கடைசி இலக்கம் மட்டும் மாறியிருந்தது. அடுத்ததிலும் அப்படியே.

"ஏம்மா, எப்படிம்மா எப்பவும் சரியா அம்பது?"

ஆமை தரையைப் பார்த்தாள்.

"சார், மணி ஆகுது," என்றார் தலைமையாசிரியை.

"சொல்லு பாப்பா, சார் கேக்கறாரில்ல," என்றார் டிரைவர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

ஆமை நிமிர்ந்தாள். "சொன்னா நாப்பது கணக்கு குடுப்பீங்களா சார்?"

வாத்தியார் படிவத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போவது சுலபம். நாளைக்கும் ஆசிரியர் அறையில் தலை நிமிர்ந்து பேசலாம். இந்தப் பெண் கூட்டலுக்குப் போய்விடுவாள். மூலையில் அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுக்க மாட்டேன்," என்றார் வாத்தியார், தொண்டைக்குள்ளேயே.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க சார்."

"குடுக்கவே மாட்டேம்மா!"

ஆமை மூச்சு விட்டாள். "அம்பதுக்குக் கீழ போனா அந்தப் பிரிவு. மேல போனா உங்க கண்ணுல படுவேன். அம்பதுலதான் சார் ஆளை நிம்மதியா விடுறாங்க. கடைசிப் பேப்பரும் அம்பதுதான். மூணாம் பக்கத்துல ரெண்டு மார்க்கை நீங்க கூட்டல."

வாத்தியார் மேலிருந்து கீழே கூட்டினார். ஐம்பது. கீழிருந்து மேலே கூட்டினார். அப்போதும் ஐம்பது. அக்கா ஒரு முறை இருமினார். பதினோரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த இருமல்.

"அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாமே?" என்றார் தலைமையாசிரியை.

"சொன்னா, எனக்குக் கூட்டத் தெரியும்னு தெரிஞ்சிடுமே மேடம்."

டிரைவர் மகளையே வெறித்தார். "மூணு மாசமா பிள்ளைக்குப் படிப்பு வரலைன்னு உங்கம்மா அழுதாளே பாப்பா. அதுவும் உன் கணக்குல இருந்ததா?"

அது அவள் கணக்கில் இல்லை. ஆமையின் முகம் சுருங்கியது. அப்போதுதான் அவள் ஏழாம் வகுப்புப் பிள்ளை மாதிரியே அழுதாள். தலைமையாசிரியை படிவத்தை இரண்டாகக் கிழித்தார்.

மறுநாள் மதியம் கணக்கு வாத்தியார் ஆசிரியர் அறையில் ஒன்றும் அறிவிக்கவில்லை. டிபன் டப்பா ஓரமாகக் கிடந்தது. எழுதினார், அடித்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு மறுபடி எழுதினார். ஒரே ஒரு கேள்வி. அதற்கு விடை அவருக்கே இன்னும் வந்தபாடில்லை.

அக்கா பக்கத்தில் வந்ததும் வருகைப் பதிவேட்டை இழுத்துத் தாளின்மேல் வைத்து மூடினார்.

"என்னடா பண்ற?"

"வருகை போடறேன்."

"சாப்பாட்டு நேரத்துலயா? யாருக்கு?"

"உனக்கு வேற வேலையே இல்லையாக்கா?"

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. காலி வகுப்புக்குள் போய், நாலாக மடித்த தாளை ஆமையின் நோட்டுக்குள் செருகினார். வெளியே காலடிச் சத்தம் கேட்டதும் அவசரமாகக் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.